வாயிலில் ஒரு தராசு

புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவிலே மொத்த வியாபாரம் செய்வோரிடம் நெடுநாளாக நிலவும் ஒரு வழக்கத்தை அன்பர்கள் அறிவர். தம்புள்ளையிலிருந்து லொறியில் வரும் வெங்காய மூடைகளுடன் ஒரு துண்டும் வரும். இத்தனை மூடை, இன்ன நிறை, இன்ன விலை என்று அதில் எழுதியிருக்கும். முதலாளி அத்துண்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஆயினும் அதனை மாத்திரம் நம்பிப் பொருளை உள்ளே விடார். நாட்டாமிமார் மூடையை இறக்கித் தராசில் ஏற்றிய பின்னரே கணக்குப் பதிவாகும். துண்டை எழுதியவர் பொய்யர் என்பது இதன் கருத்தன்று. எழுதிய இடத்துக்கும் நிறுக்கும் இடத்துக்கும் இடையே ஏறக்குறைய நூறு மைல் வழி கிடக்கின்றது. அவ்வழியிலே வெங்காயம் உலரவும் செய்யும், மூடை மாறவும் கூடும்.

இன்று கடைகள் பல தமது ஓடர்களைக் கைப்பேசி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் ஏற்கின்றன. அவ்வேலைக்கான செய்நிரல்களை எழுதுவோராக நம் பழைய மாணவருட் சிலரும், அவற்றாற் பயனும் தொல்லையும் அடைவோராக ஏனையோரும் இருத்தலால், அச்செய்நிரல்களுக்கும் ஒரு வாயிற்றராசு வேண்டும் என்பதையும், அத்தராசைச் செய்வோனுக்குள்ள பொறுப்பையும் ஈண்டு விளக்குதல் பொருந்தும்.

டைப்ஸ்கிரிப்ட் என்பது மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வெளியிட்ட செய்நிரல் மொழி. டென்மார்க்கிற் பிறந்த அண்டர்ஸ் ஹெஜ்ல்ஸ்பேர்க் அதனை ஆக்கியோருள் முதன்மையானவர். முன்னரே வழங்கிவந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் மீது ‘வகை’ என்னும் ஓர் ஒழுங்கை அது ஏற்றிவைத்தது. நிறை என்பது எண், பெயர் என்பது எழுத்துச்சரம் என்று செய்நிரலாளர் எழுதிவிட்டால், நிறை இருக்கவேண்டிய இடத்திலே பெயரை வைக்கும் பிழையைத் தொகுப்பான் உடனே காட்டிக்கொடுக்கும். பல்லாயிரம் வரிகள் கொண்ட செய்நிரல்களில் இஃது அளவிடற்கரிய உதவி.

ஆனால், ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். தொகுப்பான் தன் வேலையை முடித்ததும் வகைகள் யாவும் அழிக்கப்பட்டு, வெறும் ஜாவாஸ்கிரிப்ட் மாத்திரமே எஞ்சும். செய்நிரல் ஓடும்பொழுது வகையென்று ஒன்று அங்கே இல்லை. செய்நிரலாளர் தாமே எழுதிய வரிகளைத் தொகுப்பான் சோதித்தது. வெளியிலிருந்து வரப்போகும் தரவை அது கண்டதுமில்லை, காணப்போவதுமில்லை. ஜேசன் என்னும் வடிவிலே வரும் தரவைப் பிரித்தெடுக்கும்பொழுது, மொழி அதற்கு ‘எதுவாயினும் ஆகலாம்’ என்னும் வகையையே வழங்குகின்றது. செய்நிரலாளரோ, ‘இதனை ஓடர் என்னும் வகையாகக் கொள்க’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு அப்பாற் செல்கின்றார். தொகுப்பானும் அதற்கு இணங்கிவிடும். நாம் முன்னர்க் கண்ட துண்டு இதுவே. தராசு எங்கும் வைக்கப்படவில்லை.

இதனால் விளையும் கேட்டைச் சில எடுத்துக்காட்டுகளாற் காண்போம். இறக்குமதியாளர் ஒருவரிடமிருந்து வரும் விலைப்பட்டியலில் ஒரு பொருளின் விலை 1,250 என்று, நடுவிலே காற்புள்ளியுடன், எழுத்துச்சரமாக வருகின்றது என்க. சரத்தை எண்ணாக மாற்ற ஜாவாஸ்கிரிப்டில் வழங்கும் ஒரு வழி, காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபா ஒரு ரூபா ஆகிவிடும். மற்றொரு வழி ‘எண் அன்று’ என்னும் விடையைத் தரும். அவ்விடையை மீண்டும் ஜேசனாக எழுதினால் அது வெற்றிடமாகிவிடும். இரண்டிலும் செய்நிரல் நிற்பதில்லை; பில்லை அச்சிட்டுக்கொண்டே போகும்.

அஞ்சற் குறியீட்டையும் பார்ப்போம். வெள்ளவத்தைக்கு 00600, புறக்கோட்டைக்கு 01100, கொட்டாஞ்சேனைக்கு 01300. இவற்றை எண்ணாகக் கொண்டால் முன்னிற்கும் சுழிகள் உதிர்ந்து, வெள்ளவத்தை வெறும் 600 ஆகும். இலக்கங்களால் எழுதப்படுவன எல்லாம் எண்கள் அல்ல. கூட்டவோ பெருக்கவோ வேண்டாத ஒன்றைச் சரமாகவே வைத்திருத்தல் நன்று. திகதியின் கதையும் இத்தகையதே. 05/06/2025 என்பது நமக்கு யூன் மாதம் ஐந்தாம் நாள். ஜாவாஸ்கிரிப்டோ அமெரிக்க வழக்கின்படி மே மாதம் ஆறாம் நாள் என்று வாசிக்கும். அளவு 5 என்று வந்தால், அஃது ஐந்து கிலோவா, ஐந்து மூடையா, அன்றி மூத்த வியாபாரிகள் இன்னும் விடாத அந்தரா என்பதை ‘எண்’ என்னும் வகை சொல்லாது. அலகைத் தனியாகக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இக்குறையைத் தீர்ப்பதற்கு எழுந்ததே ஸ்கீமா. தரவு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதைச் செய்நிரல் ஓடும்பொழுதும் நிலைத்திருக்கும் ஒரு பொருளாக எழுதிவைத்தலே அதன் இயல்பு. டைப்ஸ்கிரிப்ட் உலகில் இன்று பெரிதும் வழங்கும் ஸொட் என்னும் நூலகத்தைக் கொலின் மெக்டொனல் என்பவர் 2020இல் வெளியிட்டார். இயப், ஐஓ-டிஎஸ் என்பன அதற்கு முந்தியவை. வலிபொட் பிந்தியது, சிறிய அளவினதாதலால் கைப்பேசிக்குச் செல்லும் செய்நிரல்களுக்கு ஏற்றது. ஸொட்டின் சிறப்பு, ஸ்கீமாவை ஒருமுறை எழுதினால் டைப்ஸ்கிரிப்ட் வகையை அதிலிருந்தே பெற்றுக்கொள்ளலாம் என்பது. துண்டை ஒருவரும் தராசின் படிக்கற்களை வேறொருவரும் தனித்தனியே செய்தால் நாளடைவில் இரண்டும் மாறுபடும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தால் அவ்வச்சம் இல்லை.

தரவை இந்த ஸ்கீமாவிடம் கொடுத்தால், பொருந்தியதை வகையுடன் திருப்பித் தரும். பொருந்தாததை எந்தப் புலத்தில் என்ன குறை என்று சுட்டித் தடுக்கும். எழுதப்படாத புலங்கள் வந்தால் அவற்றை உதிர்த்துவிடும். இது சிறிய நன்மையன்று. வாங்குபவர் ஒருவர் தம் ஓடருடன் ‘விலைக்கழிவு’ என்றொரு புலத்தைத் தாமே சேர்த்தனுப்பினால், அது வாயிலிலேயே விழுந்துவிடும்.

தராசு நிற்கவேண்டிய இடம் வாயில். கடையின் உள்ளறை ஒவ்வொன்றிலும் தராசு வைத்து நிறுத்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. அலெக்சிஸ் கிங் என்னும் பெண்மணி 2019இல் எழுதிப் பலரும் மேற்கோள் காட்டும் கட்டுரையொன்றின் கருத்தும் ஏறக்குறைய இதுவே: சோதித்துவிட்டுச் சோதனையின் பயனை மறந்துவிடாமல், சோதனையில் தேறியதைப் புதிய வகையாகவே உள்ளே அனுப்புக என்பது. ஆனால் வாயில்கள் நாம் எண்ணுவதிலும் பல. மேலோடியில் நிரப்பும் படிவம் மாத்திரமன்று. பிற நிறுவனத்தின் சேவையகம், சேவையகத்தின் சூழல் அமைப்புகள், மேலோடியில் சேமித்துவைத்த பழைய தரவு, சென்ற ஆண்டில் வேறொருவர் நிரப்பிய தரவுத்தளம் ஆகிய யாவும் வாயில்களே.

இனி, தராசைச் செய்வோனின் பொறுப்புக்கு வருவோம். கருவி எளிது; சட்டம் எழுதுவது அரிது. நமது தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தையே எடுத்துக்கொள்வோம்.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்பட்ட பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளன. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. அப்பால் தொடரிலக்கம் மூன்று, சோதனையிலக்கம் ஒன்று. பெண்களுக்கு நாளிலக்கத்துடன் 500 கூட்டப்படும். 2000இல் பிறந்தோர் பதினாறு வயதை எட்டிய 2016 முதல் புதிய இலக்கம் வந்தது: ஆண்டு நான்கு இலக்கம், நாள் மூன்று, தொடர் நான்கு, சோதனை ஒன்று, ஆகப் பன்னிரண்டு, எழுத்து இல்லை. இரு வகையும் மக்களின் கையில் உள்ளன.

இதற்கு ஸ்கீமா எழுதப் புகுந்த ஓர் இளைஞர், ‘ஆண்டுக்கு 366 நாளுக்கு மேல் இல்லை’ என்று கருதி, நாளிலக்கம் 1 முதல் 366 வரை என்று விதிப்பாராயின், அவ்வொரு வரியால் இந்நாட்டுப் பெண்கள் அனைவரும் அப்படிவத்திலிருந்து விலக்கப்படுவர். தொல்லை வேண்டாமென்று 999 வரை விட்டால் 400, 900 போன்ற பொருளற்றனவும் நுழையும். 1 முதல் 366 வரையும் 501 முதல் 866 வரையுமே சரியானது. இன்னொன்று: இவ்விலக்கத்தில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி மாதம் இருபத்தொன்பது நாளாகவே எண்ணப்படுகின்றது. 1985 மார்ச் முதலாந் திகதி பிறந்த பெண்ணுக்கு நாளிலக்கம் 560 அன்று, 561. பிறந்த திகதியையும் அடையாள இலக்கத்தையும் ஒப்பிடும் விதியை எழுதுவோர் இதனை அறியாவிடின், மார்ச்சுக்கும் டிசம்பருக்கும் இடையிற் பிறந்தோருட் பெரும்பாலோரைப் பொய்யர் என்று செய்நிரல் சொல்லிவிடும்.

பழைய இலக்கத்தின் ஈற்றெழுத்து பெரும்பாலும் ‘வி’, வாக்குரிமையைக் குறிப்பது. சிலருக்கு ‘எக்ஸ்’ உண்டு. ‘வி’யை மாத்திரம் ஏற்கும் ஸ்கீமா அச்சிலரை ஆளே இல்லையென்று கூறுகின்றது. சிறிய எழுத்தில் எழுதியதற்காக ஒருவரைத் திருப்பியனுப்புவதும் முறையன்று. பெரிய எழுத்தாக மாற்றி ஏற்க ஸ்கீமாவிலேயே வழியுண்டு. பழையதன் முன் 19 சேர்த்து, நாளிலக்கத்தின் பின் ஒரு சுழியை இட்டு, எழுத்தை நீக்கினால் பன்னிரண்டு இலக்கமாகும். இம்மாற்றத்தை வாயிலிலேயே செய்துவிட்டால் உள்ளே ஒரே வடிவம் நிலவும்.

பெயர் இதனிலும் வில்லங்கமானது. நம்மவர் பலருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையார் பெயரின் முதலெழுத்தும் தம் பெயருமே உள்ளன. ‘குடும்பப்பெயர் கட்டாயம், இரண்டு எழுத்துக்குக் குறையலாகாது’ என்னும் விதி மேல்நாட்டார் வழக்கின் பிரதி. தமிழில் எழுதுவோர்க்கு வேறொரு கண்ணியும் உண்டு. ‘எழுத்துக்கள் மாத்திரம்’ என்னும் விதியை யூனிகோட் முறைப்படி எழுதினால், உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்து வகுப்பைச் சேராது குறி வகுப்பைச் சேர்வதால், அவை தடுக்கப்படும். ‘கனக’ என்றால் உட்புகலாம்; ‘கனகசபை’ என்றால் ஐகாரத்தின் பொருட்டு வெளியே நிற்கவேண்டும்! நீளத்தை எண்ணுவதிலும் இதே கோளாறு. முருகன் என்பது நமக்கு நான்கெழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஏழு. குறிகளையும் இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும் ஏற்று, வெறுமையாக இருத்தலாகாது என்பதோடு நிறுத்துவதே பெயருக்குத் தகும் என்பது என் கருத்து.

வலிந்து எண்ணாக மாற்றும் வசதி ஸொட்டில் உண்டு. அதனை அளவறிந்து கையாளவேண்டும். வெறுஞ்சரம் அவ்வழியிற் சுழியாகிவிடும். விலையை நிரப்ப மறந்தவர் இலவசமாக விற்றவராவர். மேலும், ஸ்கீமா காண்பது வடிவத்தை மாத்திரமே. விதி முழுவதற்கும் பொருந்திய ஓர் அடையாள இலக்கம் எவருக்கும் உரியதாகாமலும் இருக்கலாம். அதனை ஆட்பதிவுத் திணைக்களத்தின் ஏடே சொல்லும்.

தடுக்கப்பட்டவருக்கு என்ன சொல்கின்றோம் என்பதும் எஞ்சி நிற்கின்றது. ‘தரவு தவறு’ என்னும் இரு சொல் கொட்டாஞ்சேனையிலிருந்து படிவம் நிரப்பும் மூதாட்டிக்கு ஒன்றையும் உணர்த்தாது. 2025இல் வந்த ஸொட் நான்காம் பதிப்பிலே பிழைச் செய்திகளுக்கான மொழிகளுள் தமிழும் இடம்பெற்றுள்ளது. எனினும் அச்செய்திகள் பொதுவானவை; ‘அட்டையின் இறுதியிலுள்ள ஆங்கில எழுத்தையும் சேர்த்து எழுதுக’ என்பது போன்ற வரியைச் செய்நிரலாளர் தாமே எழுதிச் சேர்த்தல் வேண்டும்.