சீனி வருத்தத்தின் மறுபாதி

நீரிழிவைச் சீனி வருத்தம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயர் நோயின் பாதியை மறைத்துவிடுகிறது. நோய் கட்டுக்கடங்காத ஒருவரின் இரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்தால், மேலே தெளிந்து நிற்கவேண்டிய மஞ்சள் நீர் சில வேளைகளில் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். அந்த வெண்மை சீனியல்ல, கொழுப்பு. நீரில் கரையாத கொழுப்பு, புரதம் போர்த்திய நுண்பொதிகளாகவே இரத்தத்தில் ஓடுகிறது, இவையே லிப்போபுரதங்கள். அவை சுமை இறக்கும் முக்கிய இடங்களில் ஒன்று நம் எலும்புத்தசை. தசையின் மயிர்த்துளைக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் லிப்போபுரத லைப்பேஸ் என்ற நொதி, பொதியிலுள்ள ட்ரைகிளிசரைட்டை உடைத்துக் கொழுப்பமிலத்தைத் தசைக்குள் விடுகிறது.

இன்சுலினுக்கு உடல் இணங்க மறுக்கும்போது ஈரல் கொழுப்புப் பொதிகளை அளவுமீறி அனுப்புகிறது; நொதியின் வேகமோ தளர்கிறது. இறக்க ஆளின்றித் தம்புள்ளைச் சந்தையில் வரிசைகட்டும் மரக்கறி லொறிகளைப்போல் பொதிகள் இரத்தத்தில் தேங்குகின்றன. நல்ல கொலஸ்ட்ரோல் குறைகிறது. கெட்டது சிறுத்து அடர்ந்து நாடிச் சுவரில் புகுகிறது. தசைக்குள் எரியாமல் தங்கும் கொழுப்பின் துணைப்பொருள்கள் இன்சுலினின் கட்டளையையே தடுக்க, சீனியும் வெளியே நிற்கிறது. “எண்ணெயே தொடுவதில்லையே, எனக்கெப்படிக் கொழுப்பு?” என்று கேட்பவர்கள் உண்டு. மிஞ்சிய சோற்றையும் தேத்தண்ணிச் சீனியையும் ஈரல் கொழுப்பாக்கிவிடும்.

தசையில் கொழுப்பிருப்பதே கேடென்றால், நெடுந்தூர ஓட்டக்காரரின் தசையிலும் அது நிறைய உண்டே? உண்டு, அவர்கள் அதை அன்றாடம் எரிக்கிறார்கள். ஆகவே தசை உழைக்கிறதா என்பதே என் கண்ணில் முதல் கேள்வி. அமெரிக்காவில் மார்க் ஹமில்ட்டன் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், பின்னங்கால்களை ஊன்றவிடாமல் வைத்த எலிகளின் கால் தசையில் இந்நொதியின் செயல் வெகுவாகச் சரிந்தது; மெதுவாக நடக்கவிட்டதும் மீண்டது. மனிதரும் எலியும் ஒன்றல்லதான். ஆனாலும் உடற்பயிற்சி மனிதத் தசையிலும் இந்நொதியைக் கூட்டுவது தெரிந்ததே. கலேவெல போன்ற விவசாய ஊருக்கு இது எதற்கு என்று தள்ளிவிடவும் முடியாது. இலங்கையின் 2005–06 தேசிய ஆய்வில் நகரத்தில் 16.4 வீதமாக இருந்த நீரிழிவு, கிராமத்திலும் 8.7 வீதம் இருந்தது. விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் உழைக்கும் கால்கள் மற்ற மாதங்களில் சும்மா இருந்தால் தசை அதை அறியும். மருத்துவர் தந்த மாத்திரை அவசியம், நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆனால் காலின் வேலையை மாத்திரை செய்யாது.

அடுத்த கிளினிக்கில் சீனியின் அளவோடு ட்ரைகிளிசரைட் அளவையும் கேளுங்கள். வெறும்வயிற்றில் அது டெசிலீற்றருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும். இதுவரை சோதிக்காதவர்களும் போங்கள்: அந்தத் தேசிய ஆய்வில் நோயிருந்தவர்களில் மூவரில் ஒருவருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை.