கண்ணை உறுத்தும் சிவப்பு விளக்கு

ஆண்டர்சன்பேட்டையில் தெரிந்த இளைஞர் ஒருவர் தம் பழைய எம்.ஜி.பி. காரைக் காட்டி, "சார், வண்டி ஓடும்போதும் டேஷ்போர்டில் இந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. பல்பைக் கழற்றிவிடட்டுமா?" என்றார். "வேண்டாம் தம்பி" என்றேன். காரணத்தை வாசக அன்பர்களும் அறிவது நல்லது.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான இந்த ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் டைனமோவும் பிறகு ஆல்டர்னேட்டரும் இருந்தன. டைனமோ வண்டியில் அந்த விளக்கு வெறும் அறிவிப்புதான். ஆல்டர்னேட்டர் வண்டியிலோ, சாவியைத் திருப்பியதும் பாட்டரியின் சிறு மின்சாரம் அந்த பல்பு வழியாகச் சென்று, ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளைக் காந்தமாக்குகிறது. மின்சாரம் உற்பத்தியானதும் பல்பின் இருபுறமும் வோல்டேஜ் சமமாகி, விளக்கு அணைகிறது. பல்பைக் கழற்றினால் சார்ஜ் ஏறுவதே நின்றுபோகலாம். இரவில் பங்காரப்பேட்டைச் சாலையில் முன்விளக்கு மங்கும்போதுதான் அது தெரியவரும்! எல்.இ.டி. பல்பு போட்டாலும் போதிய மின்சாரம் செல்லாது. அதே வாட் பல்பையே போட வேண்டும்.

ஆகவே பெல்ட், கார்பன் பிரஷ், ஒயர் முனைகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தம்பியின் வண்டியில் பெல்ட் தளர்ந்திருந்தது. இறுக்கினோம், விளக்கு தானே அணைந்தது. ரயில்வேயில் நாங்கள் கற்ற பாடமும் இதுவே: சிவப்பு விளக்கை மறைக்காதே, அது எரியும் காரணத்தைத் தேடு.