பனி மனுஷன் நம்ம ஊருக்கு ஏன் வரல?

டிசம்பர் பிறந்தால் போதும்... யு.கே.ஜி. பிள்ளையின் டைரியில் ‘பஞ்சு, கோந்து கொடுத்தனுப்பவும்’ என்று எழுதிவிடுகிறார்கள். பனி மனிதன் செய்யணுமாம்! சேத்தியாத்தோப்பில் இருக்கும் என் அக்கா பையனும் ஒன்று செய்துகொண்டு வந்தான்.

‘‘மாமா, இவரு எங்க இருக்காரு?’’

‘‘அமெரிக்காவுல.’’

‘‘இங்கயும்தான் பனி பெய்யுது. நம்ம ஊருக்கு ஏன் வரல?’’

சென்னையிலிருந்து சனிக்கிழமை லீவில் வந்து, இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்றிருந்தவன் நான். ‘‘தொணதொணக்காதே, போய் விளையாடு’’ என்றேன். போய்விட்டான். அன்று முழுக்க என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆபீஸில் மானேஜரிடம் நானும் இப்படித்தான் கேட்பதை நிறுத்தினேன் என்பது ஞாபகம் வர, சுருக்கென்றது.

மறுநாள் விடியற்காலை அவன் தலையில் மஃப்ளரைச் சுற்றிக் கிளப்பினேன். (‘‘சளி பிடிச்சா நீதான்டா பாக்கணும்!’’ - அக்கா.)

முதல் வேடிக்கை வீட்டிலேயே கிடைத்தது. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். ‘‘நல்லெண்ணெய் மட்டும் ஏன் அப்படியே இருக்கு?’’ என்றான் பயல். ரெண்டும் ஒரே மாதிரி எண்ணெய் இல்லை. நல்லெண்ணெய் உறைய இந்தக் குளிர் பத்தாது என்றேன். ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயை அடுப்பங்கரையிலும் ஒரு ஸ்பூனைத் திண்ணையிலும் வைத்து, எது முதலில் உருகும் என்று பந்தயம் கட்டினோம். நான் தோற்றேன். வேண்டுமென்றேதான்.

வேலியில் சிலந்தி வலை நிறைய முத்து முத்தாகத் தண்ணீர். ‘‘மழையே இல்ல, யாரு ஊத்துனது?’’ பதில் சொல்லாமல், சில்லென்றிருந்த எவர்சில்வர் டம்ளரை நீட்டி ஊதச் சொன்னேன். மங்கியது. ஊதும் காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த டம்ளர் பட்டதும் தண்ணீராகிறது. ராத்திரியெல்லாம் குளிர்ந்துபோன இலையிலும் வலையிலும் அதே கதைதான். ‘‘அப்ப, புல்லு மேல ஊதுனது யாரு?’’ என்றானே பார்க்கலாம்!

அப்புறம் வீராணம் ஏரிக்கரை. (மார்கழியில் தண்ணீர் ததும்பும். பிள்ளையின் கையை விடவே விடாதீர்கள்.) 2004-லிருந்து இந்தத் தண்ணீர் குழாய் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது என்றேன். ‘‘நீ அங்க குடிக்கிறது நம்ம ஏரியா மாமா?’’ என்று என்னைப் புது மரியாதையோடு பார்த்தான்.

பக்கத்து வயலில் நத்தைக்குத்தி நாரை. ‘‘அது ஏன் வாயை மூடவே இல்ல?’’ இரண்டு அலகுக்கும் நடுவே இடைவெளி. ஓட்டுக்குள் இருக்கும் நத்தையை எடுக்க அந்த வாகு அதற்கு உதவுகிறது. குஞ்சாக இருக்கும்போது இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வருகிறது. நாலு வயல் தள்ளி இன்னொன்றைக் கண்டுபிடித்து, ‘‘இது பெரியவரு!’’ என்று அவனே தீர்ப்புச் சொன்னான்.

மொத்தச் செலவு ரெண்டு ஸ்பூன் எண்ணெய், ஒரு தூக்கம். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை சார், ‘வா, பாக்கலாம்’ என்று கிளம்பிவிடுங்கள்.

ராத்திரி சென்னை பஸ் நகரும்போது ஜன்னலுக்குக் கீழே ஓடிவந்து கத்தினான்:

‘‘மாமா, ஓட்டுக்குள்ள நத்தைக்குக் குளிருமா?’’

வடலூர் தாண்டியும் யோசித்துக்கொண்டிருந்தேன்.