எல்லையில் நிற்கும் உயில்

திருத்தணியில் ஒருவர் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் குடியிருந்த வீடு, வேலை பார்த்த காலத்தில் பெரம்பூரில் வாங்கிய அடுக்குமாடி வீடு, நகரி பக்கம் வாங்கிப்போட்ட மாந்தோப்பு ஆகிய மூன்றையும் ஒரே உயிலில் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதியிருக்கிறார். 2025 டிசம்பர் வரை, இந்த உயிலில் பெரம்பூர் வீட்டுக்கு மட்டும் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயம். மற்ற இரண்டுக்கும் தேவையில்லை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு வைத்திருந்த கணக்கு அது. இந்துக்களைப் பொறுத்தவரை, சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் மூல அதிகார எல்லைக்குள்ளும், பழைய வங்காள ஆளுகைப் பகுதிகளிலும் எழுதப்பட்ட உயில்களுக்கும், வெளியே எழுதப்பட்டாலும் அங்குள்ள வீடு, மனையைப் பற்றிய உயில்களுக்கும் மட்டுமே அந்தக் கட்டாயம் பொருந்தியது. முஸ்லிம்கள் முதலிலிருந்தே விலக்குப் பெற்றவர்கள். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்குக் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்து மாகாண நகரங்களை வைத்துப் போட்ட கோட்டை இத்தனை காலம் சுமந்ததே அதிகம். நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது சரியான காரியம்.

ஆனால் "இனி உயில் இருந்தால் போதும், கோர்ட்டுக்குப் போக வேண்டாம்" என்று பேசுவது பாதி உண்மைதான். கட்டாயம் போயிருக்கிறதே தவிர, நிரூபிக்கும் பொறுப்பு போகவில்லை. உயில் செல்ல வேண்டுமானால் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். வழக்கு என்று வந்துவிட்டால், அவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம். அங்கே கேட்கப்படும் கேள்விகள் எளிமையானவை போலத் தெரியும். அவர் கையெழுத்துப் போட்டதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? அவர் பார்க்க நீங்கள் கையெழுத்திட்டீர்களா? வாசகத்தை யார் எழுதினார், அவருக்குப் படித்துக் காட்டினார்களா? அன்று அவர் உடல்நிலை எப்படி இருந்தது? பெரும் பங்கு பெறும் மகன் பக்கத்தில் நின்றானா? சந்தேகம் எழுந்தால் அதைப் போக்குவது உயிலைக் காட்டுபவரின் வேலை என்று உச்ச நீதிமன்றம் 1958-இலேயே வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. உயில் எழுதியவரின் வயதை ஒட்டியவர்களே பெரும்பாலும் சாட்சிகளாக இருப்பார்கள். இருபது வருடம் கழித்துப் பேரன் காலத்தில் தகராறு கிளம்பும்போது கூண்டில் ஏற யார் இருப்பார்கள்? இரு சாட்சிகளும் இறந்துபோனால், கையெழுத்தை அடையாளம் காட்டும் ஆளைத் தேடி அலைய வேண்டியதுதான்.

"எங்கள் அப்பா உயிலைப் பதிவு செய்துவிட்டாரே" என்பார்கள். நல்லது, உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்திருப்பது பலம்தான். ஆனால் எழுதியவரே நேரில் வந்து அந்தப் பத்திரத்தைக் கொடுத்தார் என்பதற்குச் சார்பதிவாளர் முத்திரை உதவுமே தவிர, சாட்சியை அழைக்க வேண்டிய தேவையை அது நீக்காது. "பட்டா மாறிவிட்டது" என்பது இன்னொரு சமாதானம். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழோ, இறந்தவரின் வாரிசுகள் இன்னார் என்று மட்டும் சொல்லும். உயில் உண்மையா என்று அந்த இரண்டு தாள்களும் சொல்லப்போவதில்லை. புரொபேட் ஒன்றே அதைச் சொல்லும். வழக்காடியவர்களை மட்டுமன்றி ஊர் உலகத்தையே கட்டுப்படுத்தும். சாட்சிகள் உயிரோடு, நினைவோடு இருக்கும்போதே அதை வாங்கிவைப்பதில்தான் பயன் இருக்கிறது. செலவும் காலமும் ஆகும் என்ற ஆட்சேபம் நியாயமானது. யாராவது எதிர்த்தால் மனு வழக்காகவே மாறி ஆண்டுகளை விழுங்கும். வாரிசுகள் எல்லோரும் ஒத்துப்போகும் வீட்டில் புரொபேட் தேவையே இல்லை, பாகப்பிரிவினைப் பத்திரம் போதும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தச் சொத்து அப்பாவுடையதுதானா என்பதைப் புரொபேட் நீதிமன்றம் தீர்மானிப்பதில்லை. உயில் அவருடையதா என்பதோடு அதன் வேலை முடிந்தது.

திருத்தணிக்காரர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டிசம்பர் திருத்தம் அதைத் தொடவில்லை. 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. தலைமையில் நடந்த போராட்டத்துக்கும் எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கமே நின்றன. நிலமும் சம்பந்தமும் அந்த மாநில எல்லைக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. திருவள்ளூர் மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர் புரொபேட் வாங்குகிறார் என்றால், அது தமிழ்நாட்டுக்குள் செல்லும். நகரி மாந்தோப்புக்கும் செல்ல வேண்டுமானால், வெளிமாநிலச் சொத்தின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டவில்லை என்று நீதிபதி சான்று தர வேண்டும். அதே சட்டத்தின் 273-ஆவது பிரிவு சொல்வது இது. இன்று 10,000 ரூபாய்க்கு மாந்தோப்பு எங்கே கிடைக்கும்? உயர் நீதிமன்றம் தரும் புரொபேட்டுக்கு இந்த வரம்பு இல்லை, நாடு முழுவதும் செல்லும். ஆகவே எல்லையோரக் குடும்பம், மாவட்டத் தலைநகரில் முடிய வேண்டிய வேலைக்குச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது. 213-ஐ நீக்கியதற்குச் சொன்ன காரணம் பாகுபாடு. ஊரைப் பார்த்து வேறுபடுத்துவது பாகுபாடு என்றால், எல்லையோரத்தில் பிறந்ததற்காக மட்டும் ஒருவரை உயர் நீதிமன்றம் வரை இழுப்பதை வேறு எப்படிச் சொல்வது?

273-இன் அந்தத் தொகையை நாடாளுமன்றம் எடுத்துவிட்டு, மாவட்ட நீதிமன்றத்தின் புரொபேட்டும் நாடு முழுவதும் செல்லும் என்று திருத்த வேண்டும். அதுவரை, எல்லைக்கு இரண்டு பக்கமும் சொத்து உள்ளவர்கள் உயில் எழுதும்போது தங்களைவிட வயதில் இளைய இருவரைச் சாட்சியாகப் போடுங்கள். நிறைவேற்றுபவர் என்று ஒருவரின் பெயரை உயிலிலேயே குறிப்பிடுங்கள், ஏனெனில் புரொபேட் கேட்கும் உரிமை அவருக்குத்தான். பிள்ளைகளிடம் உயர் நீதிமன்றத்திலேயே மனுப் போடச் சொல்லுங்கள்.