மெலிந்த உடலிலும் மறைந்திருக்கும் கொழுப்பு

தீபாவளி நெருங்கும் வேளையில் தோட்டக் குடும்பங்கள் பல கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலைக்குச் சென்று வருவது வழக்கம். சேலையும் வேட்டியும் வாங்கிய பின்னர், அங்குள்ள உணவகமொன்றில் நெய்ச்சோறும் ஆட்டிறைச்சிக் குழம்பும் உண்டு, டின் பால் கலந்த தேநீர் பருகி இல்லம் திரும்புவர். ஆண்டிற்கு ஓரிரு நாள் இவ்வாறு உண்பதனால் பெருந்தீங்கு நேர்ந்துவிடாது. ஆனால், அவ்விருந்தே அன்றாட உணவாகிவிட்டால் உடல் என்னவாகும்? “நான் மெலிந்தவன், விடியுமுன் எழுந்து மரம் வெட்டுபவன், எனக்கு ஏது கொழுப்பு?” என வினவுவோர் நம்மிடையே உளர். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உண்டு.

கொழுப்பின் பணி

கொழுப்பு உடலுக்குப் பகையன்று. உயிரணுக்களின் உறை அமைவதற்கும், ஏ, டி, ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகளைக் குடல் ஏற்பதற்கும் அது இன்றியமையாதது. எனினும், மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி ஆற்றல் தர, கொழுப்போ 9 கலோரி தருகின்றது. உழைப்பில் செலவாகாமல் எஞ்சும் ஆற்றலை உடல் பெரும்பாலும் கொழுப்பாகவே சேமிக்கின்றது. நெய்யும் எண்ணெயும் மட்டுமல்ல, அளவுக்கு மிஞ்சிய சோறும் சர்க்கரையும்கூடக் கல்லீரலில் கொழுப்பாக மாறுகின்றன.

பால் வாளி தரும் பாடம்

எண்ணெயும் நீரும் ஒன்றாகக் கலப்பதில்லை. அங்ஙனமாயின், நீர் மிகுந்த இரத்தத்தில் கொழுப்பு எவ்வாறு பயணம் செய்கின்றது? நாள்தோறும் நாம் சுமக்கும் பால் வாளியே இதற்கு விடை கூறும். ரப்பர்ப் பாலில் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. புரதம் கலந்த மெல்லிய உறை அவற்றைச் சூழ்ந்திருப்பதனால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. அவ்வாறே, இரத்தத்திலுள்ள கொழுப்பும் புரத உறை சூழ்ந்த நுண்துகள்களாகவே செல்கின்றது.

இத்துகள்களில் எல்.டி.எல். என்னும் வகை, கொலஸ்ட்ராலை உடலெங்கும் எடுத்துச் செல்கின்றது. நெய், தேங்காய் எண்ணெய், இறைச்சிக் கொழுப்பு ஆகியவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரல் எல்.டி.எல்.லை இரத்தத்திலிருந்து அகற்றும் ஆற்றலைக் குறைக்கின்றது. மிகுதியான எல்.டி.எல். இரத்தக் குழாய்ச் சுவரினுள் புகுந்து, கோப்பையின் ஓரத்தில் ஒட்டுப்பால் சேர்வதுபோல, ஆண்டுக்கணக்கில் படிகின்றது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைத்தால், அதுவே மாரடைப்பாகும்.

இரு மருத்துவர்கள்

மெலிந்தவருக்கு அச்சமில்லை என்பதும் உண்மையன்று. புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யட்கினும் 2004ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு இருவருக்கும் 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆயினும், ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; இந்தியரின் உடலிலோ 21.2 விழுக்காடு! நம்மவர்க்குக் கைகால்கள் மெலிந்திருந்தாலும், வயிற்றினுள் குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு அதிகம். அக்கொழுப்பு இன்சுலின் செயற்படுவதைத் தடுத்து, நீரிழிவுக்கு வழிகோலுகின்றது.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாகும். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்சுக்கோ குடிபெயர்ந்து, அமர்ந்து செய்யும் வேலையில் சேர்வோர், மரம் வெட்டிய நாளில் உண்ட அளவையே தொடர்ந்து உண்பாராயின் ஆபத்து மேலும் பெருகும்.

எந்த எண்ணெய்? எவ்வளவு?

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடும், நெய்யில் 60 விழுக்காட்டிற்கு மேலும், செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதியும் நிறைவுற்ற கொழுப்பாகும். நல்லெண்ணெயில் அது 15 விழுக்காட்டளவே. நாளைய ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பு 10 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயே அவ்வளவைத் தாண்டிவிடும்.

பலகாரம் பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பயன்படுத்துவதும் தகாது. ஐந்து முறையும் பத்து முறையும் சூடாக்கிய செம்பனை எண்ணெயை எலிகளுக்கு அளித்து, மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். அவ்வெலிகளின் இரத்த அழுத்தம் உயர்ந்தது.

இல்லத்தரசியர் கவனத்திற்கு

குழம்பிற்குக் கெட்டித் தேங்காய்ப்பாலைக் குறைத்து இரண்டாம் பாலைப் பயன்படுத்தலாம். எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராக ஊற்றாது, கரண்டியால் அளந்து ஊற்றுதல் நன்று. மத்தி போன்ற மீன்களும் பருப்பும் கீரையும் இறைச்சியின் இடத்தை அடிக்கடி பெறட்டும். சுகாதார அமைச்சு கூறும் முறைப்படி, தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, எஞ்சிய பாதி காய்கனி என அமைத்துக்கொள்க.

தையல் நாடாவால் இடையை அளந்து பாருங்கள். ஆடவருக்கு 90 செண்டிமீட்டரும் பெண்டிருக்கு 80 செண்டிமீட்டரும் எல்லையாகும். அதற்கு மேற்பட்டிருப்பின், உடல் மெலிந்து தோன்றினும் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 40 வயதை எட்டிய குறைந்த வருமானத்தினருக்கு இலவசப் பரிசோதனை வழங்கும் ‘பெக்கா பி40’ திட்டம் 2019ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது.

மரத்தைக் காயப்படுத்தாமல் அளவறிந்து வெட்டுபவரே நல்ல தொழிலாளி. பட்டையின் ஆழத்தை அறிந்த அக்கைகள், உணவின் அளவையும் அறிந்துகொள்ளுமாயின் குடும்பம் நெடுநாள் நலமுடன் வாழும்.