தோட்டத் தொழிலும் தூரதேசப் பயணமும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் பெட்டி நிறையச் சாக்லேட்டும் துணிமணிகளும் கொண்டுவருகிறார்கள். தோட்டம் வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அவற்றிலும் பெரிய செல்வம் ஒன்றை அவர்கள் கொண்டுவர முடியும். அதுதான் புதிய எண்ணம். கடலூர், சிதம்பரம் வட்டாரத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இதை விளக்கப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி மரம் ஒன்றே போதும்.

முந்திரியின் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை நம் நாட்டின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். அகோஸ்தா என்னும் மருத்துவர் கொச்சித் தோட்டங்களில் தாம் கண்ட முந்திரியைப் பற்றி 1578-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். கொய்யா, பப்பாளி, அன்னாசி, மிளகாய், நிலக்கடலை ஆகியவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவையே. யாரோ கப்பலேறிப் போய் வந்ததன் பலனை நம் செம்மண் நிலம் இன்றும் அனுபவிக்கிறது.

ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மரம் வந்தது, அதன் பயன் முழுவதும் வந்து சேரவில்லை. நம் ஊரில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். அது துவர்க்கும், பறித்த ஓரிரு நாளில் அழுகியும் விடும். பிரேசிலின் வடகிழக்குப் பகுதி மக்களோ அப்பழத்தின் சாற்றிலிருந்து ‘கஜுவினா’ என்னும் பானம் செய்கிறார்கள். சாற்றில் ஜெலட்டின் சேர்த்தால் துவர்ப்புப் பொருள் திரண்டு அடியில் தங்கிவிடும். தெளிந்த சாற்றை வடிகட்டிப் புட்டியில் அடைத்து, கொதிநீரில் வைத்துக் காய்ச்சினால் பொன்னிறப் பானம் கிடைக்கிறது. அதில் மது கிடையாது. இதே வேலைக்கு ஜெலட்டினுக்குப் பதிலாக ஜவ்வரிசிக் கஞ்சியைப் பயன்படுத்தும் முறையைக் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அயலார் எண்ணத்தை நம் அடுக்களைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது என்பது இதுதான்.

பலாவையும் பாருங்கள். இது மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த நம் நாட்டு மரம். பண்ருட்டிப் பலாவுக்குப் புகழ் அதிகம். ஆயினும் நகரத்தில் நான்கு பேர் உள்ள வீட்டார் முழுப் பழத்தை வாங்கத் தயங்குவார்கள். இலங்கையில் பிஞ்சுப் பலாவைப் ‘பொலோஸ்’ என்று கறி சமைக்கிறார்கள். டின்னில் அடைத்து ஏற்றுமதியும் செய்கிறார்கள். மேலை நாடுகளில் புலால் உண்ணாதோர் அதை இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கின்றனர். வியட்நாமில் பலாச்சுளையை மொறுமொறுப்பாக்கிச் சிறு பொட்டலங்களில் விற்கிறார்கள்.

ஆகவே வெளிநாடு செல்பவர் அங்குள்ள சந்தையில் மூன்று கேள்விகள் கேட்டு வரட்டும். நாம் எறியும் எதை இவர்கள் விற்கிறார்கள்? அதை எப்படிக் கெடாமல் வைக்கிறார்கள்? எந்த அளவில், எந்த உறையில் கட்டுகிறார்கள்? போக இயலாதவர்கள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இக்கேள்விகளை எழுதி அனுப்பலாமே!

இது பொழுதுபோக்கு அல்ல. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்து முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. புதுக் கன்று வைத்தால் பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். ஒரே விளைபொருளை நம்பியிருக்கும் குடும்பம் அதுவரை எதை விற்கும்? எஞ்சிய மரத்தின் காய், பழம், கொட்டை அனைத்தையும் காசாக்கத் தெரிந்த வீட்டில் அடுப்பு அணையாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எண்ணத்தைக் கொண்டுவரலாம், விதையையும் செடியையும் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவரலாகாது. பூவழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை இன்று நாடெங்கும் ஏரிகளையும் வாய்க்கால்களையும் அடைத்துக் கிடக்கிறது. செடியோடு பூச்சியும் நோயும் வரக்கூடும் என்பதால், 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி முன் அனுமதியும் நலச் சான்றிதழும் வேண்டும்.

புதிய எண்ணம் கிடைத்ததும் பணத்தைக் கொட்டிவிடாமல் விவரம் அறிந்தவர்களிடம் கேட்போம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் முந்திரியிலும், பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் பலாவிலும் நல்ல இரகங்களை வெளியிட்டுள்ளன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் புலம் இருக்கிறது. முதலில் பத்துப் புட்டி செய்து பார்ப்போம்; அக்கம்பக்கத்தார் விரும்பினால் நூறு செய்வோம்.

ஏதேன் தோட்டத்தை ஆண்டவர் மனிதனிடம் ஒப்படைத்தபோது, அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் பணித்தார் என்று திருமறை கூறுகிறது. மாணவியரே, வருகிற கோடையில் முந்திரித் தோப்புக்குச் சென்றால், கீழே கிடக்கும் பழத்தைக் கையில் எடுத்து இதற்கு என்ன வழி என்று நம் பெற்றோருடன் கலந்து பேசுவோமாக!