நோவாத கட்டி

உடம்பிலே தோன்றிய கட்டியொன்று நோவின்றி இருக்குமாயின் அதனை நாம் பொருட்படுத்துவதில்லை. நோவே நோயின் அடையாளம் என்பது நம்மவரிடை வேரூன்றிய எண்ணம். தோலின்கீழ்த் தோன்றும் கட்டிகளுட் பெரும்பாலானவை தீங்கற்ற கொழுப்புக் கட்டிகளே ஆதலின், இவ்வெண்ணத்தாற் பெரும்பாலும் கேடு விளைவதில்லை. ஆயின், மென்னிழையச் சார்க்கோமா என்னும் அரிய புற்றுநோயும் அவ்வாறே நோவின்றி வளர்வது. அந்நோய்க்கு ஆளானவர் அறிந்திருக்க வேண்டுவன சிலவற்றை ஈண்டு நோக்குவாம்.

சார்க்கோமா என்பது ஊனைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர். ஏனைய புற்றுநோய்கள் பெரும்பாலும் உறுப்புக்களைப் போர்த்திருக்கும் மேலணிக் கலங்களிற் பிறப்பன. இதுவோ கொழுப்பு, தசை, நரம்பு, குருதிக்குழாய் முதலிய மென்னிழையங்களிற் பிறப்பது. வளர்ந்தோர்க்கு உண்டாகும் புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றே இவ்வகையினது. அதனுள்ளும் 50இற்கு மேற்பட்ட பிரிவுகள் உள. அரிதாய நோயை வைத்தியரும் எளிதில் ஐயுறார். கட்டி 5 சென்ரிமீற்றரினும் பெரிதாயினும், நாளடைவில் வளரினும், தசையின் ஆழத்திற் கிடப்பினும், அகற்றியபின் மீண்டும் தோன்றினும், "இஃது யாது?" என நோயாளியே வினாவுதல் தகும்.

"முதலில் வெட்டி எடுத்துவிடுவோம், பின்னர்ப் பரிசோதிப்போம்" என்பதே இந்நோயில் நேரும் பெரும் பிழை. சார்க்கோமா வளருங்கால் சூழவுள்ள இழையங்களை நெருக்கி ஓர் உறைபோல ஆக்கிவிடும். அது பொய்யுறை, நோய்க்கலங்கள் அதனுள்ளும் அதற்கப்பாலும் இருத்தல் கூடும். பலாப்பழத்தினின்று சுளையைக் கழற்றுவதுபோலக் கட்டியை மட்டும் கழற்றினால், விதை நிலத்திலேயே கிடக்கும். மீண்டும் செய்யப்படும் சத்திரசிகிச்சை முன்னையதினும் விரிவாக வேண்டியதாகும். ஆதலின் முதலிற் காந்த ஒத்திசைவுப் படமும், அதன்பின் ஊசியால் எடுத்த சிறு துண்டின் இழையப் பரிசோதனையும் நிகழ்தல் வேண்டும். ஊசி சென்ற வழியையும் கட்டியோடு அகற்ற நேரலாமாதலின், அதனை எங்கே செலுத்துவது என்பதைச் சத்திரசிகிச்சை செய்யவிருப்பவரே தீர்மானித்தல் நன்று. சிறு துண்டுதானே என்று இதனை இலேசாக எண்ணுதல் ஆகாது.

அவயவத்தை இழக்கவேண்டுமோ என்பதே நோயாளியின் முதல் அச்சம். முன்னாளில் அவ்வச்சம் பொருளுடையதே. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவகத்தில் றோசன்பேர்க்கும் அவருடன் பணியாற்றியோரும் 43 நோயாளரிடத்து நடாத்திய ஆய்வு 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. 16 பேருக்கு அவயவம் துண்டிக்கப்பட்டது; 27 பேருக்கு அவயவத்தைக் காத்துக் கட்டியை அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளிக்கப்பட்டது. காக்கப்பட்டோருள் நால்வருக்குக் கட்டி அவ்விடத்தே மீண்டது. எனினும் ஐந்தாண்டு உயிர்வாழ்வு துண்டிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 88, காக்கப்பட்டோரில் 83. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கிற் பொருட்படுத்தத்தக்கதன்று. சிறிய ஆய்வேயாயினும் அதன் பின்னர் வைத்திய வழக்கு மாறிற்று. இன்று துண்டித்தல் ஒருசிலர்க்கே வேண்டப்படுகின்றது.

கதிர்ச்சிகிச்சை சத்திரசிகிச்சைக்கு முன்னும் அளிக்கப்படலாம், பின்னும் அளிக்கப்படலாம். முன் அளித்தால் கதிரின் அளவு குறையும். ஆயினும் புண் ஆறுதல் தாமதமாகும். பின் அளித்தால் புண் எளிதில் ஆறும்; நாட்பட அவயவம் விறைத்தலும் வீங்குதலும் மிகும். எது தமக்கேற்றது, ஏன் ஏற்றது என்று கேட்டறிதல் நோயாளியின் உரிமை.

இந்நோய் பரவுமாயின் பெரும்பாலும் குருதிவழி நுரையீரலையே சென்றடையும். காலிலே கட்டியிருக்க நெஞ்சைப் படமெடுப்பது இதனாலேயாம். நோய் மீளுமாயின் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுள் மீள்வதால், சிகிச்சை முடிந்து நலமாயிருப்பவரும் அக்காலத்திற் சில மாதங்களுக்கொருமுறை பரிசோதனைக்கு அழைக்கப்படுவர்.